அந்நியர் கிழித்த கோடும் அண்டை நாட்டுப் பிணக்கும்



நம் தெலுக் பங்லிமா காராங்கிலும் சிஜாங்காங்கிலும் பந்திங் வரையுள்ள கம்பங்களிலும் வாழும் மலாய் மக்களில் மிகப் பலருடைய பாட்டன் பூட்டன்மார் ஜாவாவிலிருந்து வந்தவர்கள். சிலாங்கூர் அரச குடும்பமோ பூகிஸ் வம்சம்; அதன் வேர் சுலாவெசித் தீவில் இருக்கிறது. லங்காட் ஆறு விழும் கடலுக்கு எதிர்க்கரை சுமத்ரா. இரு கரையிலும் ஒரே மார்க்கம், ஒரே ஷாஃபி மத்ஹப், பேசும் மொழியும் ஏறக்குறைய ஒன்று. இவ்வளவும் ஒன்றாக இருந்தும், 1963 முதல் 1966 வரை மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒன்றையொன்று எதிர்த்து ஆயுதம் ஏந்தி நின்றன. ஏன் அப்படி நேர்ந்தது?

நம்மில் மூத்தவர்கள் அந்த நாட்களை அறிவார்கள். இளைஞர்கள் பள்ளிப் புத்தகத்தில் இரண்டொரு வரி படித்திருப்பார்கள். காப்பிக்கடையில் உலக விஷயம் பேசும்போது, "முஸ்லிம் நாடுகள் ஒன்று சேர்ந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் சூரத்துல் ஹுஜுராத்தைச் சற்று நிதானித்து ஓதிப் பாருங்கள். மனிதர்களைக் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற கருத்து அங்கே வருகிறது. முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் நீதியோடு சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்ற கட்டளையும் அதே சூராவில்தான் வருகிறது. ஆகவே முஃமின்களுக்குள்ளும் சண்டை வரக்கூடும் என்பது அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அது எதனால் வருகிறது என்று விசாரிப்பது நம் கடமை. அந்த விசாரணைக்கு நம் வாசலிலேயே ஒரு பாடம் கிடக்கும்போது தூர தேசத்து உதாரணம் எதற்கு?

முதலில் ஓர் அண்ணன் தம்பி கதை. பூகிஸ்காரரான டாயெங் செலாக் ரியாவில் யாங் டிபெர்துவான் மூடா என்னும் பெரும் பதவியில் இருந்தவர். அவருடைய மைந்தர்களில் ஒருவரான ராஜா லூமு சிலாங்கூருக்கு வந்து, 1766-ம் வருடம் சுல்தான் சலாஹுத்தீன் என்ற பெயரோடு முதல் சுல்தானானார். அவருடைய அடக்கஸ்தலம் கோல சிலாங்கூர் மலாவத்திக் குன்றில் இருக்கிறது. மற்றொரு மைந்தர் ராஜா ஹாஜி. அவர் 1784-ல் மலாக்காவில் இருந்த ஒல்லாந்தரை முற்றுகையிட்டு, தெலுக் கெத்தாப்பாங்கில் ஷஹீதானார். அதே வருடம் ஒல்லாந்தர் கோல சிலாங்கூரையும் பிடித்தார்கள். ராஜா லூமுவின் மகன் சுல்தான் இப்ராஹீம் பகாங்குக்குச் சென்று உதவி பெற்று, அடுத்த வருடமே கோட்டையை மீட்டார்.

அந்த ராஜா ஹாஜி இன்று யாருக்குச் சொந்தம்? இந்தோனேசிய அரசாங்கம் 1997-ல் அவரைத் தன் தேசிய வீரராக அறிவித்தது. ராஜா ஹாஜி பீஸபீலில்லாஹ் என்று அங்கே அவரை அழைக்கிறார்கள். ஒரே தந்தையின் மக்களில் ஒருவர் மலேசிய மாநிலம் ஒன்றின் முதல் சுல்தான், மற்றவர் இந்தோனேசியாவின் வீரர். அவர்கள் வாழ்ந்த காலத்தில் இந்த இரண்டு நாடுகளும் கிடையாது. ரியாவ், ஜொகூர், சிலாங்கூர், சியாக், லிங்கா என்று ஒரே கடலைச் சுற்றிய அரசுகள்தாம் இருந்தன. அவற்றுக்குள் சண்டையும் இருந்தது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் இருந்தது.

கோடு பின்னால் வந்தது. 1824-ம் வருடம் மார்ச் மாதம் 17-ம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கமும் ஒல்லாந்த அரசாங்கமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சிங்கப்பூர் ஜலசந்திக்குத் தெற்கேயுள்ள தீவுகளில் பிரிட்டிஷார் குடியேற்றம் வைப்பதில்லை. மலாய் தீபகற்பத்தில் ஒல்லாந்தர் கால் வைப்பதில்லை. மலாக்கா பிரிட்டிஷாருக்கு, சுமத்ராவிலிருந்த பெங்கூலு ஒல்லாந்தருக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். இரண்டு மொத்த வியாபாரிகள் ஒரு கடைத்தெருவைப் பாகம் பிரித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் நீ சரக்குப் போடாதே, அந்தப் பக்கம் நான் போடமாட்டேன்" என்று பேசி முடிப்பது போலத்தான். தெருவில் குடியிருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. ரியாவ்-ஜொகூர் அரசின் சுல்தான் லிங்காவில் இருந்தார். அவருடைய ராஜ்யம் நடுவில் அறுக்கப்பட்டது. ஐந்து வருடத்துக்கு முன்பே, 1819-ல், ராபிள்ஸ் துரை அவருடைய மூத்த சகோதரர் ஹுசைனைச் சிங்கப்பூரில் சுல்தானாக்கி வைத்து அந்த வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்.

இந்த ஒப்பந்தத்தில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் ஒல்லாந்தர் வைத்திருந்த இடங்கள் எல்லாம் அதன்படி பிரிட்டிஷார் கைக்கு வந்தன. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவை அவற்றில் சேர்ந்தவை. நம் முன்னோர் கப்பலேறிய கரையையும், வந்து இறங்கிய கரையையும் ஒரே காகிதம் கைமாற்றியது.

கோடு கிழித்ததும் மனம் பிரிந்துவிடவில்லை. கோட்டுக்கு இருபுறமும் பிறந்தவர்கள் நூறு வருடம் வெவ்வேறு எஜமானரின் கீழ் வளர்ந்தார்கள். மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா ஹாஜியின் பேரர் ராஜா அலி ஹாஜி ரியாவ் பெஞெங்காட் தீவில் இருந்துகொண்டு மலாய் மொழிக்கு இலக்கணம் வகுத்த ஆலிம். அந்த மொழியைத்தான் 1928-ல் இந்தோனேசிய இளைஞர் மாநாடு தங்கள் ஒற்றுமை மொழியாக ஏற்றது. இங்கேயும் அதுவே தேசிய மொழியாயிற்று. ஆனால் ரூமி எழுத்தில் எழுதும்போது அங்கே ஒல்லாந்தர் முறை, இங்கே ஆங்கிலேயர் முறை. ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துக் கோர்வை! 1972-ல்தான் இரு அரசாங்கமும் பேசி ஒரே முறைக்கு வந்தன.

எழுத்து வேற்றுமை சிறிய விஷயம். பெரிய வேற்றுமை, இரு நாடும் சுதந்திரம் பெற்ற விதத்தில் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் 1963-ம் வருடத்துப் பிணக்குக்கு இதுவே மூலகாரணம். ஆகையால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

இந்தோனேசியாவில் 1945 ஆகஸ்ட் 17-ம் தேதி சுகர்ணோவும் ஹத்தாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஜப்பானியரிடம் ஆயுதம் வாங்கவும் கைதிகளை விடுவிக்கவும் என்று பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. அதன் நிழலில் ஒல்லாந்தர் திரும்பி வந்தார்கள். அக்டோபர் 22-ல் சுராபாயாவில் நஹ்ளத்துல் உலமாவின் ஆலிம்கள் கூடி, நாட்டைக் காக்கப் போராடுவது மார்க்கக் கடமை என்று தீர்மானம் செய்தார்கள். அதன் தலைவர் கியாய் ஹாஷிம் அஷ்அரி அவர்கள். அக்டோபர் 30-ல் பிரிகேடியர் மாலபி அந்நகரில் கொல்லப்பட்டார். நவம்பர் 10-ம் தேதி பிரிட்டிஷார் கப்பல், விமானம், பீரங்கி எல்லாம் கொண்டு சுராபாயாவைத் தாக்கினார்கள். அந்தத் தேதியை இந்தோனேசியா இன்றும் வீரர் தினமாகக் கொண்டாடுகிறது. அங்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம் மறக்கலாகாது. முஸ்லிம் சிப்பாய்களில் சிலர் படையை விட்டு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்ததும் உண்டு. பிறகு 1947-லும் 1948-லும் ஒல்லாந்தர் இரண்டு முறை படையெடுத்தார்கள். 1949 டிசம்பர் 27-ல்தான் ஆட்சியை ஒப்படைத்தார்கள். அப்போதும் மேற்கு ஈரியானைக் கொடுக்கவில்லை. 1963 மே மாதத்தில்தான் அது இந்தோனேசியாவின் கைக்கு வந்தது.

மலாயாவின் வழி வேறு. 1948-ல் கம்யூனிஸ்டு கலகம் தொடங்கி அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 வரை நீடித்தது. தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களுக்கு, ரோட்டில் போகும் வெள்ளைச் சிப்பாய் அச்சமூட்டினாலும், அவன் சுடவந்தது கலகக்காரனை என்ற எண்ணம் இருந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் லண்டனுக்குச் சென்று மேஜையில் உட்கார்ந்து பேசி, 1957 ஆகஸ்ட் 31-ம் தேதி சுதந்திரம் பெற்றார். சுல்தான்களின் சிம்மாசனங்கள் அப்படியே நின்றன. அதே வருடம் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தமும் ஆயிற்று. அந்நியப் படை இங்கே தங்கியது.

ஒரே பிரிட்டிஷ் சிப்பாய், சுராபாயாக்காரருக்கு வீட்டை இடித்த பகைவன், கோலாலம்பூர்க்காரருக்குக் காவலன். இரத்தம் சிந்தி வாங்கியவர்கள், பேசி வாங்கியவர்களைப் பார்த்து, "உங்கள் சுதந்திரம் உண்மைச் சுதந்திரம்தானா? வெள்ளைக்காரன் இன்னும் உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறானே" என்று ஐயுற்றார்கள். இவர்களோ எதிர்க்கரையைப் பார்த்து வேறொன்றுக்கு அஞ்சினார்கள். 1946 மார்ச்சில் கிழக்குச் சுமத்ராவில் நடந்த கலவரத்தில் மலாய் அரச குடும்பங்கள் வேரோடு சாய்க்கப்பட்டன. லங்காட் என்ற பெயருள்ள அக்கரைச் சுல்தானகத்தின் இளவரசரும் கவிஞருமான அமீர் ஹம்சா கொல்லப்பட்டார். இக்கரையில் சுல்தானின் குடைநிழலில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? அத்தோடு, மலாயாவையும் சேர்த்துப் பெரிய இந்தோனேசியா காண வேண்டும் என்று முஹம்மத் யாமீன் போன்றோர் 1945-ல் பேசியதும், பிரகடனத்துக்குச் சில நாள் முன்பு தைப்பிங்கில் சுகர்ணோவும் இப்ராஹீம் யாக்கோபும் சந்தித்ததும் இங்கே நினைவிலிருந்தன. அவர்கள் நாடு நம்மைவிடப் பல மடங்கு ஜனத்தொகை கொண்டது என்பதும் எல்லோரும் அறிந்ததே.

இப்படி இருவரும் தத்தம் அனுபவத்தை வைத்தே மற்றவரை அளந்தார்கள். தராசு வேறாயிருக்கும்போது ஒரே சரக்குக்கு இரண்டு நிறை வருவதில் ஆச்சரியம் இல்லை.

1958-ல் சுமத்ராவில் ஜகார்த்தாவுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, கிளர்ச்சிக்காரருக்குச் சிங்கப்பூரும் மலாயாவும் மறைவிடம் தருகின்றன என்று சுகர்ணோ அரசு சந்தேகித்தது. 1959-ல் இரு நாடும் நட்பு ஒப்பந்தம் செய்தன. அது நெடுநாள் நிற்கவில்லை. 1961 மே 27-ம் தேதி துங்கு அவர்கள் சிங்கப்பூரில் மலேசியத் திட்டத்தை வெளியிட்டார். மலாயா, சிங்கப்பூர், சரவாக், சபா, புரூணை எல்லாம் ஒன்றாவது என்பது திட்டம். 1962 டிசம்பரில் புரூணையில் அஸஹரியின் கலகம் வெடித்தது. 1963 ஜனவரி 20-ல் இந்தோனேசிய வெளிநாட்டு மந்திரி சுபந்திரியோ, மலாயாவின்மீது 'கொன்ஃப்ரொந்தாசி' கொள்கையை அறிவித்தார். மேற்கு ஈரியானை மிரட்டியே பெற்ற முறை இங்கேயும் பலிக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். 'கன்யாங் மலேசியா' என்ற கோஷம் எழுந்தது; மென்று நசுக்கு என்று பொருள் கொள்ளலாம்.

நம் பக்கம் பிழையே இல்லை என்று சொல்லவும் முடியாது. சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாட்டுச் சபையின் குழு வந்து விசாரித்துக்கொண்டிருந்தது. அது தன் வேலையை முடிப்பதற்கு முன்பே, மலேசியா செப்டம்பர் 16-ம் தேதி பிறக்கும் என்று ஆகஸ்ட் 29-ல் அறிவித்துவிட்டார்கள். குழுவின் முடிவு மலேசியாவுக்குச் சாதகமாகத்தான் வந்தது. இரண்டு வாரம் பொறுத்திருந்தால் எதிராளியின் வாயில் ஒரு வாதம் குறைந்திருக்கும்.

செப்டம்பர் 18-ல் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் தீக்கிரையாயிற்று. சண்டை பெரும்பாலும் போர்னியோக் காட்டில் நடந்தது. அந்த எல்லையும் 1891-ல் பிரிட்டிஷாரும் ஒல்லாந்தரும் போட்ட எல்லையே. 1964 ஆகஸ்ட் 17-ம் தேதி, தங்கள் சுதந்திர தினத்தன்றே, இந்தோனேசியப் படையினர் ஜொகூர் பொந்தியானில் படகில் வந்து இறங்கினார்கள். செப்டம்பர் 2-ல் லாபிஸ் பக்கம் பாராசூட்டில் குதித்தார்கள். மலேசியா பாதுகாப்புச் சபையில் முறையிட்டது. கண்டிக்கும் தீர்மானத்தை சோவியத் ரஷ்யா தன் வீட்டோவினால் தடுத்தது. 1965 மார்ச் 10-ல் சிங்கப்பூர் மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வெடித்து 3 பேர் மாண்டார்கள்.

வியாபாரிகள் பட்ட பாடு தனி. சுமத்ராவின் ரப்பரும் மிளகும் பாக்கும் தொங்கான்களில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, தரம் பிரித்து உலகுக்குப் போவது தலைமுறை வழக்கம். 1963 செப்டம்பரில் இந்தோனேசியா இந்த வர்த்தகத்தைத் துண்டித்தது. பினாங்கில் சூலியாத் தெருவைச் சுற்றி இருந்த நம்மவரின் வியாபாரத்துக்கும் அது அடியாயிற்று. 1824-ல் போட்ட கோட்டைத் தாண்டி நூற்றுமுப்பது வருடத்துக்குமேல் போய் வந்துகொண்டிருந்த சரக்கு, இரு நாடும் சுதந்திரம் பெற்ற பிறகு நின்றது. அந்நியன் போட்ட கோட்டை அந்நியனைவிடக் கடுமையாகக் காவல் காத்தவர்கள் நாமே.

இனி நம் சமூகத்துக்கு நேராகத் தைக்கும் ஒரு விஷயம். 1965 செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. இந்தோனேசியா பாகிஸ்தானை ஆதரித்தது. மலேசியாவோ, இந்தோனேசியா எதிர்த்து நின்றபோது தன்னை ஆதரித்த இந்தியாவிடம் நன்றியோடிருந்தது. 1962-ல் சீனா இந்தியாவைத் தாக்கியபோதும் துங்கு இந்தியாவுக்காக நிதி திரட்டியவர். பாதுகாப்புச் சபையில் மலேசியாவின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் இந்திய வம்சாவளி வழக்கறிஞர் ஆர். ரமணி. அவர் பேசிய பேச்சு இந்தியாவின் பக்கம் சாய்ந்தது என்று கோபங்கொண்டு, அக்டோபரில் பாகிஸ்தான் மலேசியாவோடு தூதர் உறவை முறித்துக்கொண்டது. முஸ்லிம் நாடு ஒன்று, இஸ்லாத்தை அதிகாரபூர்வ மதமாகக் கொண்ட மற்றொரு நாட்டை, ஒரு பேச்சுக்காக விலக்கி வைத்தது! அடுத்த வருடம் உறவு சீரானது. அது அவசரப்பட்ட செய்கை என்றே நான் கருதுகிறேன். உறவு முறிக்கப்பட்ட அதே துங்கு அவர்கள்தாம் சில வருடத்துக்குள் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் பொதுச் செயலாளராகி ஜித்தாவில் பணி செய்தார்கள்.

அந்நாளில் இந்நாட்டுத் தமிழ் முஸ்லிமின் நிலையை எண்ணிப் பாருங்கள். உற்றார் உறவினர் இந்தியாவில். மார்க்கச் சகோதரர் என்று மனம் சொல்லும் நாடு பாகிஸ்தான். உண்ட சோறும் பிள்ளைகளின் எதிர்காலமும் மலேசியாவில். அதைத் தாக்கியவரோ இந்தோனேசிய முஸ்லிம். "நீ யார் பக்கம்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியுமா? மார்க்கம் ஒன்றுதான் நாடுகளின் போக்கை நிர்ணயிக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த 1965-ம் வருடம் விளங்கவே விளங்காது. காஷ்மீரின் வரலாறு பாகிஸ்தானை ஒரு பக்கம் இழுத்தது. சுராபாயாவின் வரலாறு இந்தோனேசியாவை இழுத்தது. அவசரகாலத்தின் வரலாறு மலேசியாவை இழுத்தது. மூன்று நாட்டுப் பள்ளிவாசல்களிலும் அன்று ஒரே பாங்குதான் ஒலித்தது.

பிணக்கு தீர்ந்தது எப்படி? 1965 செப்டம்பர் 30-ம் தேதி இரவு ஜகார்த்தாவில் தளபதிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சுகர்ணோவின் பிடி தளர்ந்தது. அந்த மாற்றத்தின்போது அந்நாட்டில் லட்சக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். 1966-ல் துன் அப்துல் ரஸாக்கும் ஆதம் மாலிக்கும் பாங்காக்கில் பேசி, ஆகஸ்ட் 11-ம் தேதி ஜகார்த்தாவில் சமாதானத்தில் கையெழுத்திட்டார்கள். பாதுகாப்புச் சபையும் பெரிய நாடுகளும் முடிக்காததை இரண்டு அயல்வீட்டுக்காரர் தாமே பேசி முடித்தார்கள். ஒரு வருடத்தில், 1967 ஆகஸ்ட் 8-ல், பாங்காக்கில் ஆசியான் பிறந்தது.

அதன் பின் சச்சரவே வரவில்லை என்பதல்ல. வந்தபோது வேறு வழியில் தீர்த்தார்கள். மலாக்கா ஜலசந்தியில் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மார்ச் 17-ம் தேதி. லண்டன் ஒப்பந்தத்தின் அதே தேதி, 146 வருடம் கழித்து. இம்முறை கையெழுத்திட்டவர்கள் கரையில் வாழ்பவர்கள். சிபாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்ற வழக்கை இருவரும் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1891-ம் வருடத்து உடன்படிக்கை தனக்கே தீவுகளைத் தருகிறது என்றது இந்தோனேசியா, நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீவுகளில் ஆமை முட்டை எடுப்பதை யார் ஒழுங்குபடுத்தினார்கள், கலங்கரை விளக்கம் யார் கட்டினார்கள் என்று பார்த்து, 2002 டிசம்பர் 17-ல் மலேசியாவுக்குத் தீர்ப்புச் சொன்னது. ஆமை முட்டைக் கணக்கு ஒரு தீவின் சொந்தக்காரரை முடிவு செய்தது என்பதைக் கணக்குப் புத்தகத்தை அலட்சியம் செய்யும் நம் கடைக்காரர்கள் கவனிக்கட்டும். தோற்றவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை.

2023 ஜூன் 8-ம் தேதி, பதினெட்டு வருடப் பேச்சுக்குப் பிறகு, மலாக்கா ஜலசந்தியின் தெற்குப் பகுதிக்கும் சுலாவெசிக் கடலின் ஒரு பகுதிக்கும் எல்லை வகுக்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அம்பலாத் என்னும் எண்ணெய் வளமுள்ள கடற்பகுதியில் எல்லை தீராதிருந்தபோதே, அதைக் கூட்டாகப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜூனில் இரு தலைவர்களும் இணங்கினார்கள்.